திரேசம்மாவின் மணி

கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர் மன்றங்களைப் பொறுப்பெடுக்கப் போகும் நீங்கள் எழுதியனுப்பிய கேள்விகளை வாசித்தேன். மன்றத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய வித்தை இல்லை. ஒரு கரம் போர்ட்டும் ஒரு கரப்பந்து வலையும் இருந்தால் பெடியள் தாமாகவே வருவார்கள். பெட்டைகள் வர வேண்டுமென்றால் அவர்களுடைய தாய்மாரோடு அரைநாள் இருந்து கதைக்க வேண்டும். அறிக்கை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அறிக்கை எழுதும் பொறுமை என்றைக்குமே இருந்ததில்லை. அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். எல்லோரும் கூடியிருந்து, நன்றாக யோசித்து, ஊருக்காகச் செய்த வேலை ஒன்று ஒரு உயிரைக் கொண்டுபோய்விட்டால், அந்த வேலையைக் கையால் செய்த பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது? நான் மன்றப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் எனக்கு வந்த மிகப் பெரிய சோதனை அதுதான். இது உங்களுக்கு வராமல் இருக்கட்டும். ஆனால் வேறு உருவத்தில் வரும்.

எங்கள் மன்றம் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கியது. கொழும்பில் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலைசெய்த பெடியள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கி, உடுத்த உடுப்போடு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் கோயில் மதிலில் குந்தியிருந்து பொழுதைப் போக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பங்குச் சுவாமி கோயிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த மண்டபத்தைத் திறந்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

குருநகருக்கும் அரியாலைக்கும் இடையில், ஆழமில்லாத பரவைக்கடலை ஒட்டியிருந்த சின்னப் பங்கு அது. எல்லாம் கடற்றொழில் குடும்பங்கள். நான் பண்டத்தரிப்புப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. நாங்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் எங்கள் வீட்டில் மீன் என்பது சைக்கிளில் வந்து வாசல் படலையில் நிற்கும் சாமான். என்னைக் கண்டதும் கரைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் முதலாவதாக வாய் திறந்தவர் திரேசம்மா.

“உவ என்ன, மீன் முள்ளுக்கே பயப்பிடுற ஆள் மாதிரிக் கிடக்கு. எங்கடை பெடியளை எப்பிடிக் கட்டி மேய்க்கப் போறா?”

அடுத்த நாள் அவரே ஒரு ஓட்டி மீனைக் கழுவி, வெட்டி, குழம்பு வைத்துக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, நான் முள்ளெடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சந்தையில் மீன் விற்பவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரே மகன் யூட். மன்றத்துக்கு வந்த முதல் நாளிலேயே கரப்பந்து வலையைத் தலைகீழாகக் கட்டி எல்லோரிடமும் பேச்சு வாங்கியவன் அவன். வளர வளர மன்றத்தில் எந்த வேலைக்கும் முதலில் எழும்பும் ஆளாக ஆனான்.

சுவாமிக்கு மூன்று சொல்லுத்தான் தெரியும் என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். பார், யோசி, செய். எந்தக் கூட்டமும் அப்படித்தான் நடக்கும். முதலில் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகு சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்து, இதற்கு நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று யோசிக்க வேண்டும். பிறகு எழும்பிப் போய்ச் செய்ய வேண்டும். இப்படித்தான் கிணற்றடிகளைத் துப்பரவாக்கினோம், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தோம், பெருநாளுக்கு நாடகம் போட்டோம்.

அந்த ஆண்டுகள் போகப்போக எங்கள் பிள்ளைகளில் சிலர் ஒருநாள் கூட்டத்துக்கு வராமல் விட்டார்கள். எங்கே போனார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் இருந்த வாங்குப் பலகையில் வேறு யாராவது வந்து இருப்பார்கள். கூட்டம் தொடங்கும்போது நான் முகங்களை ஒருதரம் சுற்றிப் பார்ப்பேன், அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. கரண்ட் இல்லை, எரிபொருள் இல்லை, ஆழக்கடலுக்குப் போக முடியாது. பகலில் குண்டு போடும் பொம்மர் வரும். நாங்கள் கூட்டத்தில் இருந்து, வழக்கம்போல, கண்டதைச் சொன்னோம். கரையில் நின்றால் காற்றிலும் அலையிலும் பொம்மர் சத்தம் பிந்தித்தான் காதில் விழுகிறது என்று ஒருவன் சொன்னான். காது கேளாத கிழவர்களுக்குக் கேட்பதே இல்லை என்றாள் ஜெசிந்தா. அவள் மன்றத்துச் செயலாளர், மனதில் பட்டதை அப்படியே சொல்லும் பெட்டை. அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எடுத்தோம். ஒவ்வொரு வீட்டு வளவிலும் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டிக் கொடுப்பது ஒன்று. பொம்மர் வருவது தெரிந்தவுடன் கோயில் மணியை அடித்து ஊருக்கு அறிவிப்பது மற்றது. ஊர் முழுக்கக் கேட்கக்கூடியது அந்த மணி ஒன்றுதான். சுவாமியும் ஓம் என்றார், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரும் ஓம் என்றார்.

மணியடிக்க யூட்டைத்தான் தெரிவு செய்தோம். அவனுக்குக் கூர்மையான காது, பலமான கை. மணிக்கோபுரத்துக்குக் கிட்ட எப்போதும் ஒருவர் நிற்பது என்று முறை வைத்தோம், ஆனால் பாதி நாள் அவனே நிற்பான். பங்கர் வெட்டுவதிலும் அவன்தான் முன்னுக்கு. தன் தாய்க்கு அவன் வெட்டிய பங்கர் அவர்கள் வீட்டு ஒழுங்கைத் தெருவிலேயே திறமானது. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, இறங்கப் படியும் வைத்திருந்தான்.

“பாத்தியளோ பிள்ளை, உயிரோடை இருக்கேக்கையே எனக்குக் கிடங்கு வெட்டி வைச்சிருக்கிறான்,” என்று திரேசம்மா எனக்குக் காட்டினார். பெருமையில் முகம் பூரித்துப்போய் இருந்தது. “உதுக்குள்ளை ரெண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். வாருங்கோ, இறங்கிப் பாருங்கோ.” நான் இறங்கிப் பார்த்தேன். சேற்று மணமும் பனைமர மணமும் கலந்த குளிர்ச்சி. ஒரு மூலையில் மாதா படம் ஒன்று சாத்தி வைத்திருந்தது.

பூசையில் அறிவித்தோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை வைத்தோம். மணி அடித்தது. சனம் சிரித்துக்கொண்டும் ஆளையாள் தள்ளிக்கொண்டும் பங்கருக்குள் இறங்கியது. பிள்ளைகள் இன்னொருதரம் அடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போனோம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கடற்கரைப் பங்குகளில் கோயில் மணி எதற்கு அடிக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பூசைக்கு அடிக்கும், மூன்று வேளைச் செபத்துக்கு அடிக்கும், செத்த வீட்டுக்கு ஆறுதலாக, விட்டுவிட்டு அடிக்கும். இதெல்லாம் நேரம் தெரிந்த மணி. நேரமில்லாத நேரத்தில் விடாமல் அடித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: காற்று எழும்பிவிட்டது, வள்ளம் ஏதோ திரும்பவில்லை, எல்லோரும் கோயிலுக்கு ஓடிவாருங்கள். ஆண்கள் தேடிப்போக வள்ளம் இறக்குவார்கள், பெண்கள் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள். அந்தக் கரையில் இது பாட்டன், பூட்டன் காலத்துப் பழக்கம். எனக்கு அது தெரியாது, நான் தோட்டக்கார ஊர். பெடியளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவர்கள் அதைச் சொல்லவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது கூட்டத்தில் எழும்பிச் சொல்வார்களா?

பொம்மர் வந்தது ஒரு முற்பகல். நான் மண்டபத்தில் தையல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகளை மண்டபத்துக்குப் பக்கத்துப் பங்கருக்குள் இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். வாசல் வழியாகப் பார்த்தபோது கோயில் முற்றத்தில் கால்கள் ஓடுவது தெரிந்தது. முதலில் நான்கைந்து பேர். பிறகு ஒழுங்கை ஒழுங்கையாகச் சனம். கைக்குழந்தைகளோடு பெண்கள், தடியை ஊன்றிக்கொண்டு கிழவர்கள், எல்லோரும் கோயிலை நோக்கி. வானத்திலிருந்து பார்த்தால் அந்தக் கரையில் கண்ணுக்குப் படும் ஒரே பெரிய கட்டடம் கோயில்தான்.

சுவாமி வெளியே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “இஞ்சை வராதேங்கோ, பங்கருக்குப் போங்கோ” என்று கத்தினார். மணிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. யூட் நின்றது கோபுரத்தின் அடியில், கடலைப் பார்த்த ஒரு சின்னச் சாளரம் மட்டும் உள்ள அறையில். முற்றம் அவனுக்குத் தெரியாது. இன்னும் யாராவது கேட்காமல் இருப்பார்கள் என்று நினைத்து அவன் இன்னும் பலமாக அடித்தான். அவன் பலமாக அடிக்க அடிக்கச் சனம் இன்னும் வேகமாக வந்தது.

நான் பங்கரிலிருந்து ஏறி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். “நிப்பாட்டு” என்றேன். “ஏன் அக்கா?” என்று கேட்டான். கோபுரம் ஒருதரம் ஆடியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது.

குண்டு கோயிலில் விழவில்லை. கோயிலுக்கு வரும் ஒழுங்கையின் வளைவில் விழுந்தது. காயப்பட்டவர்கள் பலர். செத்தது ஒருவர். திரேசம்மா தன் வளவைத் தாண்டி, அந்தத் திறமான பங்கரைத் தாண்டி, ஒழுங்கையின் வளைவு வரைக்கும் வந்திருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அவருடைய தலையில் முக்காடு இருந்தது. கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடும் வெள்ளை முக்காடு. அந்த அவசரத்திலும் வீட்டுக்குள் போய் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். யூட் முதலில் அதைத்தான் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

பின்னேரம் வீடு நிறையச் சனம். யூட் தாயின் தலைமாட்டில் இருந்தான், அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவனுடைய தோளைத் தொட்டு ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “தம்பி, உன்னிலை ஒரு பிழையும் இல்லை.” ஒவ்வொருதரமும் அவனுடைய முகம் இன்னும் இறுகியது. நானும் அதைத்தான் சொல்லப் போனேன். பக்கத்தில் நின்ற சுவாமி என் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினார். பிழை இல்லை என்று ஊர் சொல்லச்சொல்ல, ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் யோசிக்கிறது என்பது அவனுக்கு விளங்கிக்கொண்டிருந்தது. இதை நான் பிறகுதான் யோசித்து அறிந்தேன்.

மூப்பர் வந்து துக்க மணி அடிக்கட்டுமா என்று கேட்டார். யூட் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தான்.

“மணி அடிக்கக் கூடாது.”

“என்னடா தம்பி கதைக்கிறாய்?” மூப்பருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. “மணி இல்லாமல் போறதுக்கு அவ என்ன பாவம் செய்தவ? ஆருக்கு மணி இல்லாமல் அடக்கிறது எண்டு உனக்குத் தெரியும்தானே.”

தெரியும். அந்தக் காலத்தில், தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கும் கோயிலை விட்டு விலக்கப்பட்டவர்களுக்கும்தான் மணி இல்லை. மணி இல்லாமல் அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போவது கரையில் பெரிய அவமானம்.

“இவன்ரை தேப்பன்ரை வள்ளம் திரும்பாத அண்டைக்கும் உந்த மணிதான் அடிச்சது,” என்றார் மூப்பர், கூடியிருந்தவர்களைப் பார்த்து. “இவனை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஓடிவந்தவ. இருபது வரியமா எல்லாற்றை மணிக்கும் ஓடிவந்த மனிசி. அவவுக்கு மணி இல்லையோ?”

“அடிச்சியள் எண்டா நான் கயித்தை அறுப்பன்,” என்றான் யூட். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மன்றத்துப் பொறுப்பாளர் நான்தானே. ஒரு பக்கம் மூப்பரும் ஊரும், அந்தத் தாய்க்குக் கிடைக்கவேண்டிய மரியாதையும். மறுபக்கம் இவன். இவன் சொல்வதை மறுத்து மணியை அடித்தால் அடக்கம் முடிந்த கையோடு இவன் எங்கேயோ போய்விடுவான் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. வாங்கில் வெறுமையாகப் போன மற்ற இடங்கள் என் கண்ணுக்குள் வந்தன. இவன் சொல்வதைக் கேட்டால் தாயை அவமானத்தோடு அனுப்பியவன் என்று வாழ்நாள் முழுக்க ஊர் சொல்லும், அவனும் தன்னைத்தானே சொல்லிக்கொள்வான்.

சுவாமி யூட்டுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். பிழையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“மணி இல்லையெண்டா, அடக்கம் எப்ப எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?”

யூட் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு, “நான் போய்ச் சொல்லுறன்,” என்றான்.

“எல்லா வீட்டுக்குமோ?”

“ஓம். எல்லா வீட்டுக்கும்.”

சுவாமி எழும்பி மூப்பரைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணை, மணி அவவுக்கு உரியது. அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேல்லை. அவவின்ரை மணியை மகன் அடிக்கட்டும். அவனுக்கு ஏலுமான அண்டைக்கு.”

“அது எப்ப சுவாமி?”

“எனக்குத் தெரியாது.”

மூப்பர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்லவும் இல்லை.

யூட் எழும்பிப் போனான். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். அவளும் மற்றப் பிள்ளைகளும் நானும் அவனுக்குப் பின்னால் போனோம். ஒவ்வொரு படலையிலும் அவன் நின்று, “அம்மாவின்ரை அடக்கம் நாளைக்குக் காலமை. வாங்கோ,” என்று சொன்னான். முதலில் சில வீடுகளில் அவனுடைய குரல் கட்டையைப் போல இருந்தது. மூன்றாம் ஒழுங்கையில் ஒரு கிழவி, கண் சரியாகத் தெரியாதவர், படலைக்கு வந்து அவனுடைய முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “நீ திரேசின்ரை பெடியன் எல்லோ,” என்று கேட்டார். அங்கேதான் அவன் அழுதான். அந்தக் கிழவியின் தோளில் முகத்தை வைத்து, குழந்தை அழுவதைப் போல அழுதான். நாங்கள் ஒழுங்கையில் நின்றோம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த படலைக்குப் போனான். ஒரு வீட்டையும் விடவில்லை.

அடுத்த நாள் மணி இல்லாமல் கோயில் நிறைந்தது.

இதிலிருந்து என்ன படித்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். சுவாமி அன்றைக்கு அந்த யோசனையை எங்கிருந்து எடுத்தார் என்று நான் பின்னொரு நாள் அவரைக் கேட்டேன். “எனக்கு ஒரு யோசனையும் வரேல்லை பிள்ளை. அவனை உதிலை இருந்து எழுப்பி நடக்க வைச்சால் போதும் எண்டு நினைச்சன்,” என்றார். துக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு நாம் விளக்கம் சொல்லத்தான் அவசரப்படுகிறோம். விளக்கம் நமக்குத்தான் ஆறுதல். அவனுக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும், அதுவும் அவனே தெரிவுசெய்த வேலை, அந்த வேலை அவனை மனிதர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

மன்றத்தை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு யூட் வருவானோ என்று நான் வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். வந்தான். தன் வழக்கமான இடத்தில் இருந்தான். கண்டதைச் சொல்லும் நேரம் வந்தபோது அவன்தான் முதலில் எழும்பினான்.

“நாங்கள் பொம்மரைத்தான் பாத்தனாங்கள். சனத்தைப் பாக்கேல்லை. ஒத்திகையிலை சனம் எங்கடை சொல்லைக் கேட்டது. பயம் வந்தவுடனை கால் பழகின பக்கம் போட்டுது. அம்மாவுக்கு அந்தப் பங்கர் புதுசு. கோயில் பழசு.”

அவனே தொடர்ந்தான்.

“மணியை விடுவம். அது கோயிலுக்கு வரச் சொல்லுற மணி, அதை மாத்தேலாது. அடக்கம் சொல்லப் போனமே, அப்பிடிச் செய்வம். ஒவ்வொருத்தருக்கும் பக்கத்து வீடுகள். சத்தம் கேட்டவுடனை அவையளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கவேணும்.”

“பொம்மருக்குக் கீழை எங்களை ஓடச் சொல்லுறியோ?” என்று கேட்டாள் ஜெசிந்தா. “எங்கடை தாய் தேப்பன் விடுவினமோ?”

அந்தக் கேள்வியை நான் கேட்கவேண்டும், அவள் கேட்டுவிட்டாள். பிள்ளைகளை வெளியே ஓடவிட எனக்கு உரிமை இல்லை. கடைசியில் வேலிக்கு மேலால் கூப்பிட்டால் கேட்கிற வீடுகள் மட்டும் என்று முடிவு செய்தோம். தனியே இருக்கிற கிழவர்களை முன்கூட்டியே பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். இதற்காகச் சில குடும்பங்களின் பழைய கோபதாபங்களைத் தீர்த்து வைக்க வேண்டியிருந்தது, பங்கர் வெட்டியதை விட அதுதான் பெரிய பாடு. அதற்குப் பிறகும் பொம்மர் பலதரம் வந்தது. மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டு எங்கள் சனம் பங்கருக்குள் இறங்கியது. தங்களுடைய பெயரைத் தெரிந்த பிள்ளை ஒன்று வேலிக்கு மேலால் கத்தும்போது யாரும் கோயிலுக்கு ஓடவில்லை.

யூட் மன்றத் தலைவனானான். ஆனால் மணிக்கயிற்றை அவன் தொடவில்லை. துக்க மணி அடிக்கும்போதெல்லாம் கடற்கரைக்குப் போய்விடுவான். மூப்பர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். என்னைக் காணும் நேரங்களில், “அவவின்ரை மணி இன்னும் கிடக்குது பிள்ளை,” என்பார். நான் என்ன சொல்ல முடியும்? அவனிடம் அதை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்த நாட்கள் உண்டு. ஒரு பொறுப்பாளருக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஆண்டுகளில்தான் அறிந்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் ஆளோடு ஆள், சைக்கிளோடு சைக்கிள், நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். குடும்பங்கள் பிரிந்துவிடும், கிழவர்கள் விடுபட்டுவிடுவார்கள் என்று சுவாமி பயந்தார். விடிந்ததும் எங்கள் பிள்ளைகள் தங்கள் பொறுப்பிலிருந்த பக்கத்து வீடுகளுக்குப் போனார்கள். யாரும் அவர்களை அனுப்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு, மூட்டை முடிச்சைத் தூக்கி, நடக்க முடியாதவர்களைச் சைக்கிளில் இருத்தி, எல்லோரையும் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கண் தெரியாத அந்தக் கிழவியை ஜெசிந்தா கைபிடித்துக் கூட்டிவந்தாள். ஒருவரும் விடுபடவில்லை.

சுவாமி கோயில் கதவைப் பூட்டினார். புறப்படலாம் என்று அவர் சொன்னபோது யூட்டைக் காணவில்லை. கூப்பிட்டோம். சிலர் கடற்கரைப் பக்கம் பார்த்தார்கள். எனக்கு மறுபடியும் அந்தப் பழைய பயம் வந்தது. இத்தனை ஆண்டு வைத்துக்கொண்டிருந்து இன்றைக்கு விட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

அப்போது மணி அடித்தது.

ஒரு அடி. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி. மழைச் சத்தத்துக்குள்ளும் அது கரை முழுக்கக் கேட்டிருக்கும், கேட்பதற்கு அங்கே யாரும் மிச்சம் இல்லாவிட்டாலும். சனம் மூட்டைகளைச் சேற்றில் இறக்கி வைத்தது. மூப்பர் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்தபடி கோபுரத்தைப் பார்த்து நின்றார். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் நனைந்த முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.